பின்சீட்டில் தையல் மிஷின்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அண்ணியைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன், ஆனால் நடுநடுவே அண்ணனைத் திட்டுவேன். அவனைத் திட்டாமல் இந்தக் கதையைச் சொல்லிப் பார்த்தேன், வரவில்லை.

அண்ணிக்கு லிஃப்ட் ஓட்டுகிற வேலை. பெரிய ஆஸ்பத்திரியின் பழைய கட்டடத்தில், கம்பிக்கதவை இழுத்து மூடினால்தான் நகரும் லிஃப்ட் ஒன்று இன்னும் இருக்கிறது. உள்ளே ஒரு முக்காலி உண்டு. ஸ்ட்ரெச்சருக்கு இடைஞ்சல் என்று அதையும் பாதி நேரம் வெளியே தள்ளிவிடுவார்கள். அண்ணி நின்றுகொண்டேதான் வேலை பார்ப்பார். பிரசவ வார்டுக்குப் போகிறவர்கள் சிரித்துக்கொண்டு ஏறுவார்கள், ஆபரேஷன் மாடிக்குப் போகிறவர்கள் சுவரைப் பார்த்துக்கொண்டு ஏறுவார்கள். அண்ணி யாரிடமும் ஒரு வார்த்தை அதிகம் பேச மாட்டார். "நாள் பூரா பிரயாணம், ஆனா எங்கயும் போறதில்ல" என்பது அவருடைய ஒரே ஜோக். அதைப் புதிதாக யாரைப் பார்த்தாலும் சொல்லுவார்.

இந்த மனுஷிக்குக் கால் எப்படி ஓடும் என்று லிஃப்டில் பார்த்தவர்களுக்குத் தெரியாது.

எங்கள் சைக்கிள் கிளப் ஞாயிற்றுக்கிழமை காலையில் புறவழிச்சாலையில் நேரப் போட்டி நடத்தும். யாரும் யாரையும் துரத்துவது கிடையாது. ஒவ்வொருவராக, நிமிஷத்துக்கு ஒருவர் கிளம்பி, பாலம் வரை போய்த் திரும்பி வர வேண்டும். சண்டையெல்லாம் கடிகாரத்தோடுதான். நேரம் பார்ப்பது நான். சைக்கிள் ஓட்டுவதில் எனக்கு ஆசை இல்லை, அடுத்தவர் வேர்ப்பதைப் பார்ப்பதில் உண்டு.

இந்தப் போட்டியில் பெரிய கேள்வி ஒன்றுதான். நிமிஷத்துக்கு எத்தனை சுற்று மிதிப்பது? கனமான கியர் போட்டால் குறைவாகச் சுற்றினால் போதும், ஆனால் ஒவ்வொரு மிதிக்கும் முட்டி பலம் கொடுத்தாக வேண்டும். லேசான கியர் போட்டால் முட்டிக்குச் சுகம், கால் வேகமாகச் சுற்ற வேண்டும், மூச்சு வாங்கும். எது சரி என்று கிளப்பில் டீ ஆறிப் பாலாடை படிகிற வரை அடித்துக்கொள்வார்கள். என்னைக் கேட்டால் ஒவ்வொரு உடம்புக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. அது அந்தக் காலுக்குத்தான் தெரியும். அண்ணியின் காலுக்குத் தெரிந்த கணக்கு நிமிஷத்துக்குத் தொண்ணூறு சுற்று. கல்யாணத்துக்கு முன்னால் அவர் கிளப்பில் தனியாக ஓட்டிய நாட்களில், இடுப்புக்கு மேலே ஒன்றுமே அசையாது, கீழே கால் மட்டும் கடகடவென்று ஓடும். கிளப்பில் வைத்த பெயர் தையல் மிஷின்.

அண்ணன் அந்தக் காலைப் பார்த்துத்தான் மயங்கினான். மயங்கி என்ன செய்தான் தெரியுமா? கல்யாணம் ஆன கையோடு, ரெண்டு பேர் சேர்ந்து ஓட்டும் இரட்டைச் சைக்கிள் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தான். கிளப்பே கை தட்டியது. என்ன பொருத்தம், என்ன பொருத்தம் என்றார்கள். நானும் தட்டினேன். அண்ணியின் தனிச் சைக்கிள் பின்கட்டுச் சுவரில் கொக்கியில் ஏறியது. பிறகு அதன் ஹேண்டில்பாரில் ஈரத்துண்டு காய்ந்தது, குடை தொங்கியது.

இரட்டைச் சைக்கிளில் முன்னால் இருப்பவன்தான் ராஜா. ஹேண்டில் அவனிடம், பிரேக் அவனிடம், கியர் அவனிடம். பின்னால் இருப்பவருக்குத் தெரிவது ஒரு முதுகு. இரண்டு பெடலும் ஒரே செயினில் கட்டியிருக்கும், ஷூ பெடலோடு மாட்டியிருக்கும். முன்னால் சுற்றினால் பின்னாலும் சுற்றித்தான் ஆக வேண்டும். மெதுவாக என்றால் மெதுவாக, கனமாக என்றால் கனமாக. நிறுத்த நினைத்தாலும் கால் நிற்காது.

பின்சீட்டுக்கு இருக்கிற ஒரே உரிமை ஒரு வார்த்தை. கிளம்பும் முன் முன்னால் இருப்பவன் "ரெடியா?" என்று கேட்க வேண்டும். பின்னால் இருப்பவர் "ரெடி" என்று சொல்லாமல் வண்டி நகரக் கூடாது. இது எல்லா இரட்டைச் சைக்கிளிலும் உள்ள வழக்கம். ஒருவர் கால் மாட்டுவதற்குள் இன்னொருவர் மிதித்தால் ரெண்டு பேரும் தரையில் கிடப்பார்கள். அண்ணி அந்த ஒரு வார்த்தையைச் சொல்லுவார், பிறகு பாலம் வரை போய்த் திரும்பும் வரை வாயே திறக்க மாட்டார்.

அண்ணன் மிதிப்பது அறுபத்தைந்து, மிஞ்சினால் எழுபது. அதற்கு மேல் ஒரு சுற்று கிடையாது. அவனுக்கு வேலை குடிநீர் பம்ப் ஹவுஸில். அங்கே பெரிய பம்பு ஒன்று மெதுவாக, கட்டடமே அதிர, சுற்றிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்துப் பார்த்து அது மண்டையில் ஏறிவிட்டது. யாராவது லேசான கியர் என்று வாயெடுத்தால் போதும், உடனே ஆரம்பித்துவிடுவான். "பெரிய பம்பு எப்படிச் சுத்துது? மெதுவா, கனமா. அதுதான் ஊருக்கே தண்ணி ஏத்துது. சின்ன மோட்டாரு கீச்சுகீச்சுன்னு கத்தும், கருகிப் போயிடும்." இதை நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை. எத்தனாவது கியர் ஓடுகிறது என்று குனிந்துகூடப் பார்க்க மாட்டான். கால் சொல்லுமாம். யார் கால் என்று யாரும் கேட்கவில்லை.

வருஷக்கணக்காக இப்படி ஓடியது. ஓட்டினார்கள், ஜெயித்தார்கள், தோற்றார்கள், வீட்டுக்கு வந்து அண்ணி வண்டியைத் துடைத்தார். ஆமாம், துடைப்பதும் அவர்தான். அண்ணன் வண்டியை ஓட்டுவான், அதைப் பற்றிப் பேசுவான், துணியால் தொட மாட்டான்.

முட்டிவலி போன வருஷம் ஆரம்பித்தது. லிஃப்டில் ஒற்றைக்காலில் கொக்கு மாதிரி நின்றுகொண்டிருந்தவரை எலும்பு டாக்டரம்மா பார்த்துவிட்டு, தன் மாடி வந்தும் இறங்காமல் முட்டியை அமுக்கிப் பார்த்திருக்கிறார். படி ஏறுவியா, பாரம் தூக்குவியா என்றெல்லாம் கேட்டுக் கடைசியில் சைக்கிள் விஷயம் வெளியே வந்தது. லேசாகப் போட்டு வேகமாகச் சுற்று, இல்லை அடியோடு விட்டுவிடு, இப்படியே கனத்தை அழுத்திக்கொண்டிருந்தால் இந்த லிஃப்டில் நிற்கக்கூட முடியாது என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். நிற்க முடியாவிட்டால் அந்த வேலை இல்லை. லிஃப்ட்காரிக்கு வேறு எந்த வேலையும் அந்த ஆஸ்பத்திரியில் காலியில்லை.

அன்று சாயந்திரம் நானும் அங்கே இருந்தேன். என் வீடு அடுத்த தெரு, என்றாலும் பாதி நேரம் அங்கேதான் கிடப்பேன். அண்ணி தட்டைக் கழுவி வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே, ஏதோ உப்பு தீர்ந்துவிட்டது என்கிற மாதிரி சொன்னார்.

"என்னங்க, நான் தனியா ஓட்டட்டுமா? என் சைக்கிள் சும்மாதான தொங்குது."

அண்ணன் முகம் விழுந்துவிட்டது. நான் அவனைத் திட்டினாலும் இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும், அவன் கோபப்படவில்லை, பயந்தான். முட்டி என்றதும் தைலம் தேய்க்கலாம் என்றான், முட்டிக்குப் பட்டை கட்டலாம் என்றான். கியரைக் குறைக்கலாமே என்று நான் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். உடனே பம்புப் பேச்சு வந்தது. அண்ணி துணியைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றார். நகரவில்லை. அந்த நிற்பைப் பார்த்துத்தான் அவனுக்கு வேறு வழி தெரியாமல் ஒரு பந்தயம் வாயில் வந்தது.

"சரி. சீசனோட கடைசிப் போட்டி வரைக்கும் ஓட்டுவோம். அன்னிக்குப் போன வருஷ நேரத்தவிட ஒரு செகண்டு அதிகமானாலும் நீ இறங்கிக்கோ, தனியா ஓட்டு, நான் வாயே திறக்க மாட்டேன். குறைஞ்சா, இந்தப் பேச்ச இதோட விட்டுடணும்."

"சரி" என்றார் அண்ணி.

எனக்குக் குஷி தாங்கவில்லை. ஜெயிப்பதுதான் கஷ்டம், தோற்பதற்கு என்ன? காலைச் சும்மா பெடலில் வைத்துக்கொண்டு வாருங்கள், அவனே இழுத்துச் சாகட்டும் என்று அண்ணியின் காதில் சொன்னேன். அது நடக்காது என்றார். பின்னால் மிதிப்பது நின்றால் முன்னால் இருப்பவருக்கு அரிசி மூட்டையை ஏற்றின மாதிரி அந்த நொடியே தெரிந்துவிடுமாம். மிதித்துத்தான் ஆக வேண்டும். கொஞ்சம், கடைசியில், தெரியாத அளவுக்கு விடலாம். ஆனால் அதுவரை ரெண்டு மாசம் முட்டி தாங்க வேண்டுமே, அதுதான் கவலை.

அதனால் நாங்கள் ஸ்பேனரிடம் போனோம். கிளப்பின் மெக்கானிக். அவன் சொந்தப் பெயர் அவன் மனைவிக்காவது ஞாபகம் இருக்கிறதா தெரியாது. அண்ணி விஷயத்தைச் சொன்னதும் அவன் வண்டியின் இடது பக்கம் உட்கார்ந்து பார்த்தான். முன் பெடலையும் பின் பெடலையும் சேர்க்கும் செயின் அந்தப் பக்கம்தான் ஓடுகிறது. ரெண்டு முனையிலும் பல்சக்கரம், ரெண்டும் ஒரே அளவு. அதனால்தான் முன்னால் ஒரு சுற்றுக்குப் பின்னால் ஒரு சுற்று. பின்னால் சின்னச் சக்கரம் மாட்டினால் முன்னால் மூன்று சுற்று வருவதற்குள் பின்னால் நாலு சுற்று வந்துவிடும். அப்பா முன்னாலும் பிள்ளை பின்னாலும் ஓட்டுகிற வண்டிக்கு இப்படிப் போட்டுக் கொடுத்திருக்கிறானாம். அண்ணன் தன் அறுபத்தைந்தில் பம்பு மாதிரிச் சுற்றலாம், அண்ணி பின்னால் தன் தொண்ணூறுக்குப் பக்கத்தில் சுற்றலாம். இதில் ஏதும் விதி இடிக்குமா என்று கேட்டேன். பின்சீட்டுக்கு எத்தனை பல் என்று விதிப் புத்தகத்தில் யாரும் யோசிக்கவே இல்லை என்றான் ஸ்பேனர், அன்றைக்கே மாட்டியும் கொடுத்தான்.

அண்ணன் கண்டுபிடித்துவிடுவானே என்ற பயம் எனக்கு. பின்சக்கரத்தை ஓட்டுவது பின் பெடல்தான், அது வேகமாகச் சுற்றினால் முன்னால் இருப்பவனுக்குக் கனக்கும். முதல் நாள் பயிற்சியில் பெடல் கனக்கிறது என்று முணுமுணுத்தான். மரத்தில் ஒரு இலை ஆடவில்லை, எதிர்க்காற்று என்று அவனே தீர்ப்புச் சொல்லிவிட்டு, கியர் லீவரை ரெண்டு தட்டுத் தட்டிக் குறைத்துக்கொண்டான். அவ்வளவுதான். அவன் கால் அறுபத்தைந்தில் நின்றது, அவன் மனசும் நின்றது. திரும்பிப் பார்க்கிற வழக்கம் இல்லாதவனை ஏமாற்றுவதற்குப் பெரிய மூளை ஒன்றும் தேவைப்படவில்லை. வண்டியைத் துடைக்கிற ஆள் வேறு நம் ஆள்.

ரெண்டு மாசத்தில் அண்ணி படி ஏறும்போது கைப்பிடியைப் பிடிப்பது நின்றது. முட்டியைப் பற்றிக் கேட்டால் பரவாயில்லை என்றார். பின்கட்டில் தனிச் சைக்கிளை இறக்கித் துடைத்து, டியூப் மாற்றி, திரும்ப மாட்டிவைத்தார். சீட்டுக்கு ஒரு பழைய துணிப்பை போட்டு மூடினார். இன்னும் கொஞ்ச நாள்தான் பாப்பா என்றார். எனக்கு நாற்பது தாண்டியும் அந்த வீட்டில் நான் பாப்பாதான்.

போட்டி அன்று வெயில் ஏறும் முன் கிளம்பிவிட்டார்கள். அண்ணன் "ரெடியா?" என்றான், அண்ணி "ரெடி" என்றார். போகும்போது மிதமாகப் போனார்கள். பாலத்தில் திரும்பினதும் அண்ணி கொஞ்சம் விட வேண்டும், அதுதான் திட்டம். நேரம் கூடினால் விடுதலை. என் கையில் வாட்ச். தேவைப்பட்டால் பொய் சொல்லவும் தயாராக இருந்தேன், எனக்கு அதிலெல்லாம் வெட்கம் இல்லை. ஆனால் அண்ணன் கையிலும் ஒரு வாட்ச் கட்டியிருந்தான், பாவி.

தூரத்தில் வண்டி தெரிந்ததும் வாட்ச்சைப் பார்த்தேன். இவ்வளவு சீக்கிரம் தெரியக் கூடாது. கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். முன்னால் அண்ணனின் கால் மெதுவாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பின்னால் அண்ணியின் கால் கண்ணுக்குப் பிடிபடவில்லை. இடுப்புக்கு மேலே ஒன்றும் அசையவில்லை. எப்போதும் முதுகுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிற முகம் பக்கவாட்டில் வெளியே வந்து, வாயைத் திறந்து காற்றைக் குடித்துக்கொண்டிருந்தது. அவர் சிரித்துக்கொண்டிருந்தார். கல்யாணத்துக்கு முன்னால் பார்த்த சிரிப்பு அது. விடுங்க அண்ணி, விடுங்க, காலை விடுங்க என்று நான் வாய்க்குள்ளேயே கத்தினேன். முடிவுக் கோட்டைத் தாண்டினார்கள். வாட்ச்சை அமுக்கினேன்.

போன வருஷத்தைவிட முக்கால் நிமிஷம் குறைவு. கிளப்பில் இரட்டைச் சைக்கிளுக்கு அப்படி ஒரு நேரம் வந்ததே இல்லை.

கூட்டம் அண்ணனைத் தூக்காத குறை. அவனுக்குத் தலைகால் புரியவில்லை. பார்த்தீர்களா, மெதுவா, கனமா என்று எல்லாரிடமும் பம்ப் ஹவுஸைத் திறந்தான். ஸ்பேனர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அண்ணன் அவன் தோளைத் தட்டி, இந்த வண்டியில் இனி ஒரு ஆணியைக்கூட மாற்றாதே என்றான். பிறகு அத்தனை பேர் முன்னாலும் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் கண் கலங்கியிருந்தது.

"இவ பின்னாடி இல்லேன்னா நான் ஒண்ணுமே இல்ல. தனியா ஓட்டினா எனக்குப் பயம்தாங்க. இத நான் யார்கிட்டயும் சொன்னதில்ல."

எல்லாரும் கை தட்டினார்கள். அண்ணி அந்தக் கைதட்டலுக்கு நடுவில் நின்றார். ஒன்பது பேர் ஏறின லிஃப்டில் கதவோடு ஒட்டி நிற்பாரே, அப்படி நின்றார். திட்டினால் எதிர்த்து ஏதாவது பேசலாம். இப்படி அழுதுகொண்டு கையைப் பிடிக்கிறவனிடம் என்ன பேசுவது? எனக்கு அவனை அறையலாம் போலவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. பாவமாக இருந்ததில்தான் எனக்கு வயிறு எரிந்தது.

டீக்கடைக்குப் பின்னால் தண்ணீர்க் குழாயடியில் அண்ணியைப் பிடித்துக்கொண்டேன். ஏன் விடவில்லை, ரெண்டு மாசம் எதற்காகக் காத்திருந்தோம் என்று கேட்டேன். அவர் முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டே இருந்தார்.

"பாலத்துல திரும்பினதும் விடணும்னுதான் இருந்தேன் பாப்பா. ஒரு நிமிஷம் நல்லா சுத்திட்டு அப்புறம் விடலாம்னு நினைச்சேன். கால் கேக்கல. எத்தனை வருஷம் கழிச்சு அது என் கால் மாதிரி ஓடுச்சு. அதப் போய் எப்படி நிறுத்துறது?"

எனக்குக் கோபம்தான் வந்தது. இப்பவே போய்ச் சொல்கிறேன், ஜெயித்தது உன் பம்பு இல்லை, அவங்க கால், போய் இடது பக்கம் குனிந்து பாரு என்று சொல்கிறேன் என்று கிளம்பினேன். அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்தார். ஈரக்கை, ஆனால் இரும்புப் பிடி.

"சொன்னா அந்தச் சக்கரத்தக் கழட்டிடுவார். பழையபடி பெரிசு மாட்டுவார். பந்தயம் பந்தயம்தான, நான் சரின்னு சொல்லியாச்சு. இறங்கவும் முடியாது, முட்டியும் போயிடும். இப்ப இருக்கறது அது ஒண்ணுதான். அதயாவது விட்டு வை."

யோசித்துப் பார்த்தேன். அவர் சொன்னதில் ஓட்டை இல்லை. சொல்லாவிட்டால் பின்சீட்டு, சொன்னால் பின்சீட்டோடு முட்டிவலி. நான் வாயை மூடிக்கொண்டேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

மழைக்காலம் முடிந்து புது சீசன் தொடங்குவதற்கு முன் அண்ணன் இன்னொரு காரியம் செய்தான். கிளப்பில் புதிதாக ஒரு நர்ஸ் சேர்ந்திருந்தாள். அவளிடம் சைக்கிள் இல்லை. நம் வீட்டில் ஒன்று சும்மாதானே தொங்குகிறது, இனிமேல் யாருக்கு என்று அண்ணியிடம் கேட்டான். நல்ல மனசோடுதான் கேட்டான், அதுதான் அவனிடம் உள்ள வியாதி. அண்ணி சரி என்றார். அவரே கொக்கியிலிருந்து இறக்கினார், காற்றடித்தார், சீட்டை அந்தப் பெண்ணின் உயரத்துக்கு இறக்கிக் கொடுத்தார். அதன் ஹேண்டில்பாரில் தொங்கிய குடையை எடுத்து வெறும் கொக்கியில் மாட்டினார். நான் அன்றைக்குச் சாப்பிடாமல் என் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

சீசனின் முதல் ஞாயிறு. நர்ஸ் முன்னால், இரட்டைச் சைக்கிள் அதற்கு அடுத்து. அந்தப் பெண் பதற்றத்தில் கனமான கியரைப் போட்டுக்கொண்டு, எழுந்து நின்று மிதித்து, தடுமாறிக் கிளம்பினாள். பின்சீட்டிலிருந்து அண்ணியின் குரல் வந்தது. அந்தச் சீட்டிலிருந்து அவர் சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

"கியரக் குறைம்மா. லேசாப் போட்டு, உன் காலுக்கு எது வருதோ அப்படிச் சுத்து."

அந்தப் பெண் கியரைக் குறைத்தாள். கால் சுற்ற ஆரம்பித்தது. அண்ணி அந்தச் சைக்கிள் வளைவில் மறைகிற வரை கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் வாட்ச்சில் அவர்கள் முறை வந்தது. அண்ணன் நேராக ரோட்டைப் பார்த்தபடி "ரெடியா?" என்றான். பதில் வரவில்லை. ஒரு காலைத் தரையில் ஊன்றி, வண்டியைப் பிடித்துக்கொண்டு அப்படியே காத்திருந்தான். அவர் சொல்லாமல் வண்டி நகரக் கூடாது. நான் அண்ணியைப் பார்த்தேன். சொல்லாதீங்க, இறங்குங்க, நான் பாத்துக்கறேன் என்று கண்ணாலேயே கெஞ்சினேன். அவர் என்னைப் பார்த்தார், அப்புறம் அண்ணனின் முதுகைப் பார்த்தார். அந்த முதுகு லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது.

அண்ணன் இன்னொரு தடவை கேட்டான், திரும்பாமலே.

"ரெடி" என்றார் அண்ணி.

நான் வாட்ச்சை அமுக்கினேன்.